கேட்டது ஒன்று, ஓடியது ஒன்று

மகனே,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் உட்துறைமுக வீதியில் போட்ட மேடையில், கழுத்தில் மாலையோடு நீ நின்றதைப் பார்த்தேன். ஆகவே சுகம் விசாரிக்கப் போவதில்லை. உப்புவெளியில் நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலுக்கு நானே வந்து, வாசலில் இருக்கும் பெண்ணிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போவேன். உன்னைக் கூப்பிடச் சொல்ல மாட்டேன். உறையை ஒட்டவும் மாட்டேன். உன்னோடு சைக்கிள் ஓடி வந்த நாற்பது பேரும் விரும்பினால் வாசிக்கட்டும். உன் அம்மாவின் படத்தை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஊரூராக ஓடியவர்கள் அவர்கள். அவளைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டு. நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால் நான் கத்துவேன். நான் கத்தத் தொடங்கியதும் நீ போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குவாய். செவ்வாய்க்கிழமை விடிய உங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக பஸ் வருகிறதாம். அதற்கு முன் இதை நீ வாசித்தாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். உன் அம்மாவின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, கிழமைக்கு இரண்டு நாள் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்கிறார்கள், இது எவ்வளவு காலத்துக்கு ஓடும் என்று டொக்டருக்கே தெரியாது, சொந்த இரத்தத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் அவள் பிழைத்து எழும்புவாள், நீ ஒருக்கால் வந்து பரிசோதித்துப் பார் என்று கேட்டேன். நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. உன் இரத்தமும் ஓ பொசிற்றிவ், என்னுடையதும் ஓ பொசிற்றிவ், யாருக்கும் பொருந்தும். நீ, "பாப்பம் அப்பா" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லண்டனில் இருந்து தவறாமல் எடுத்தாய். மழையா வெயிலா, என்ன கறி, நேர்ஸ்மார் நல்லவர்களா என்று கேட்டாய். அந்த ஒன்றை மட்டும் வாயில் எடுக்கவில்லை. நானும் இந்தக் கிழமை சொல்லுவான், அடுத்த கிழமை சொல்லுவான் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது. பொத்துவிலில் இருந்து திருகோணமலை வரை, சிறுநீரக நோயாளருக்கு மெசின் வாங்கக் காசு சேர்க்க ஒரு சைக்கிள் பயணம். மேலே உன் கல்யாண வீட்டில் நீலச் சேலையோடு சிரித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா. கீழே "என் அம்மாவுக்காக" என்று இங்கிலிஷில் எழுதியிருந்தது.

அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ஏனப்பா, நான் இன்னும் இருக்கிறன் எண்டு இதிலை எங்கேயும் போடேல்லையே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது கோபம். அது இன்றுவரை இறங்கவில்லை. உன்னிடம் ஒரு ஆளின் உயிருக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டேன். நீ ஊருக்கெல்லாம் மெசின் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பி வந்தாய். கேட்டதைக் கொடுக்காதவன் கேட்காததை அள்ளிக் கொடுப்பது கண்துடைப்பு. உன் அம்மா அதைத் தருமம் என்று சொல்லுவாள். நான் சொல்ல மாட்டேன்.

வந்து இறங்கிய அன்று வீட்டுக்கு வந்தாய். எத்தனை நிமிடம் இருந்தாய் என்று நினைக்கிறாய்? லிங்கநகர் வீட்டுச் சுவரில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நான் நின்றேன். இருபத்தைந்து நிமிடம். அந்த ஒட்டிப்பிடிக்கும் கறுப்புக் காற்சட்டையோடு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தாய். அவளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளவு இருக்கிறது. காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வைத்துவிட்டு, பொழுதுபடும் வரை அதைப் பார்த்துப் பார்த்துக் குடிப்பாள். அவள் உனக்குக் குசினியிலிருந்து ஒரு ஜக் நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, நீ மடமடவென்று குடிக்க, உன் வாயைப் பார்த்தபடி நின்றாள். நீ அதைக் கவனிக்கவில்லை. சைக்கிள் சட்டம் எவ்வளவு பாரம் குறைந்தது, ஒற்றை விரலால் தூக்கலாம் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினாய். அவளுடைய இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்திருக்கும் இடத்தை நீ ஒருக்கால் பார்த்தாய், பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் நானும் கடைசி நாள் மூதூரில் இருந்து உங்களோடு ஓடி வருகிறேன் என்று சொன்னேன். நீ துள்ளிக் குதித்தாய். அறுபத்து நாலு வயது அப்பா, துறைமுகத்தில் இழுவைப் படகு என்ஜினோடு முப்பத்தொரு வருடம் மாரடித்தவர், வேலைக்குப் போய் வந்ததே சைக்கிளில்தான் என்று உடனேயே போனில் யாருக்கோ சொன்னாய். நல்ல கதை கிடைத்தது உனக்கு. நான் ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னைத் தனியே பிடிக்க வேறு வழி இருக்கவில்லை. ஹோட்டலில் உன்னைச் சுற்றி ஆட்கள். வீட்டில் அம்மா. நீங்கள் இரண்டு இரண்டு பேராகச் சோடி போட்டுத்தான் ஓடுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். மூதூரில் இருந்து பட்டினம் வரை உன் பக்கத்தில் ஓடி வந்தால், எங்கேயாவது ஒரு இடத்தில் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் அந்த ரீ-சேர்ட்டையும் போட்டேன். கட்டியவளின் முகத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு றோட்டில் போவது எவ்வளவு கூச்சம் என்று உனக்கு விளங்காது.

மூதூரில் உங்கள் பொறுப்பாளர் எல்லாரையும் நிறுத்திச் சட்டதிட்டம் சொன்னார். குழியைக் கண்டால் கீழே கை காட்ட வேண்டும். நிற்பதானால் கையை உயர்த்த வேண்டும். ஒருவர் பிந்தினால் அவருக்காக யாரும் நிற்கக்கூடாது. கண்டவர் கையைத் தூக்கிப் பின்பக்கம் காட்டிவிட்டு ஓட வேண்டியதுதான், கடைசியாக வரும் வெள்ளை வான் அவரை ஏற்றிக்கொள்ளும். நல்ல ஒழுங்கு. நீ முன்னணியில் போய் நின்றாய். உன் சோடி, உன்னோடு லண்டனில் இருந்து வந்த ஒரு பெடியன். பின்வரிசையில் எனக்குக் கிடைத்த சோடி, பல்வைத்தியர் ஒருவர். கங்கைப் பாலம் தாண்டித் தண்ணீர் குடிக்க நிறுத்தினபோதுதான் அந்தப் பெடியனைக் கெஞ்சி இடம் மாறி உன் பக்கத்தில் வந்தேன். ஒரு மைல் தூரம் ஓடியிருப்போம். இரண்டு பக்கமும் வயல், காற்றும் இல்லை, நல்ல சந்தர்ப்பம். "தம்பி, அம்மாவின்ரை விசயம் ஒண்டு கதைக்க வேணும்" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பா, ஓடேக்கை கதைச்சால் மூச்சு வாங்கும். முடிவிலை கதைப்பம்" என்றாய். கியரை மாற்றினாய். அவ்வளவுதான், பத்து மிதியில் நீ எங்கேயோ, நான் எங்கேயோ. முப்பது வருடப் பழசான என் சைக்கிளுக்கு மாற்றக் கியர் இல்லை.

கிண்ணியாப் பாலம் வரை வைராக்கியத்தில் வந்துவிட்டேன். வெள்ளைமணல் தாண்டி அந்த ஏற்றத்தில் செயின் கழன்றது. குனிந்து மாட்டுகிறேன், கை முழுக்கக் கிறீஸ். எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள், பல்வைத்தியர் உட்பட. ஏற்றத்தின் உச்சியில் நீ திரும்பிப் பார்த்தாய். ஓம், பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன். நீயும் கையைத் தூக்கினாய். எனக்காக என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். நீ தூக்கிய கையால் பின்பக்கம் காட்டினாய். ஒருவர் பிந்திவிட்டார், வான் ஏற்றிக்கொள்ளட்டும் என்பதற்கு உங்கள் சட்டத்தில் உள்ள சைகை. பிசகில்லாமல் செய்தாய். பிறகு இறக்கத்தில் மறைந்துவிட்டாய். பெற்ற தகப்பனுக்குச் சட்டப்படி கை காட்டிவிட்டுப் போனவன் நீ. அதை நான் உயிரோடு இருக்கும் வரை சொல்லுவேன்.

வான் ஓட்டி வந்தவர் கிண்ணியா நிசாம். சைக்கிளைப் பின்னால் ஏற்றி, கை துடைக்கத் துணி தந்து, ஏசியையும் கூட்டிவிட்டார். அவருடைய மனைவிக்கும் இதே நோய் இருந்ததாம். போன வருடம் மௌத்தாகிவிட்டார் என்றார். வான் நாலாங்கட்டையைத் தாண்டி அனுராதபுரச் சந்தியை நெருங்கியது. சந்திக்குச் சற்று முன்னால் வானை மறித்தார்கள். எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால்தான் படத்துக்கு அழகு, ஐயா இனி ஒரு கொஞ்சத் தூரம்தான், இறங்கி ஓடுங்கள் என்று பொறுப்பாளர் வந்து சொன்னார். நிசாம் திரும்பி என்னைப் பார்த்தார். "எறங்க வேணாம் ஐயா. நான் வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுறன். ஏலாமப் போறது குத்தமா?" என்றார்.

நான் இறங்கினேன். யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. நானாக இறங்கி, சைக்கிளில் ஏறி, மற்றவர்களோடு சேர்ந்து கையை உயர்த்திக்கொண்டு உட்துறைமுக வீதிக்குள் வந்தேன். பாண்ட் வாத்தியம் அடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூப் போட்டார்கள். நீ என் கழுத்தில் மெடலை மாட்டி, ஒலிவாங்கியில், என் அப்பா மூதூரில் இருந்து ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடி வந்தார் என்றாய். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், மேடைக்குக் கீழே நின்ற நிசாமுக்கும் தெரியும். நான் சிரித்தேன். எவ்வளவு லேசாகச் சிரித்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கூச்சமும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த வேலை எனக்குப் புதிதில்லை.

இனி எழுதப் போவதை நீ ஆறுதலாக வாசி. உன்னைப் பேசின வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், உனக்கு நான் போன் எடுப்பதற்கு மூன்று கிழமை முன்னால், டொக்டர் முதலில் கேட்டது என்னைத்தான். வயது அவ்வளவு ஆகவில்லை, இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கண்டிக்குப் போய்ப் பரிசோதியுங்கள், சரி வரலாம் என்றார். துண்டும் எழுதித் தந்தார். விடிய முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு உள்ளே போவோம் என்று இருந்தேன். வாசலால் ஒரு மனிதரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விலாவில் கையை வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார். அவர் கொடுத்தவரா வாங்கியவரா என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டாவது தேநீரும் குடித்தேன். பிறகு பஸ் நிலையத்துக்கு நடந்து போய், திருகோணமலை பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, பிரஷர் கூடவாம், வயதும் போட்டுதாம், ஏலாது என்று சொல்லிப்போட்டினம் என்றேன். உன் அம்மா எனக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் வைத்துத் தந்து, முட்டை பொரித்துச் சோறு போட்டாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். அந்த வயிற்றோடுதான் பிறகு உனக்குப் போன் எடுத்து, பிள்ளையின் கடமை என்ன என்று பாடம் நடத்தினேன்.

இப்படித் தப்புவதற்கு உனக்குப் பழக்கியவனும் நான்தான். உனக்கு ஒன்பது வயது இருக்கும். பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் முட்டைக் கோழியை நீ கெற்றப்போலால் கல்லடித்துக் கொன்றுவிட்டாய். அழுது அழுது, போய்ச் சொல்லப் போகிறேன் என்று நின்றாய். நான்தான் மறித்தேன். கோழியைப் பின்வளவில் குழி தோண்டித் தாட்டுவிட்டு, அடுத்த நாள் கம்பிவலை வாங்கி வந்து, நீயும் நானுமாக அக்காவின் கோழிக்கூட்டைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தோம். கோழியை மரநாய் பிடித்திருக்கும், இனிமேல் அது வராது என்று சொல்லிக் கட்டினோம். அவ ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் எங்களைப் புகழ்ந்தா. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாய். வருகிற வழியில் உனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தேன். மன்னிப்புக் கேட்க மனமில்லாவிட்டால் பெரிதாக ஒரு உபகாரம் செய், ஊர் கைதட்டும் சத்தத்தில் மற்றது கேட்காமல் போய்விடும் என்று நான் வாயால் சொல்லவில்லை. செய்து காட்டினேன். நீ கெட்டிக்காரன், அந்த வித்தையை நாற்பது பேரோடும் பாண்ட் வாத்தியத்தோடும் செய்கிறாய்.

நேற்று வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா போனில் அந்த மேடை வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெடலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வானில் வந்ததைச் சொன்னேன். அதைச் சொன்ன கையோடு கண்டியையும் சொன்னேன். அவள் போனை நிறுத்திவிட்டுத் தன் இடது கையைத் தடவினாள்.

"தெரியும்" என்றாள். "அங்கை ரெஸ்ற் எல்லாம் முடிய மூண்டு நாள் செல்லும் எண்டு நேர்ஸ் எனக்கு முதலே சொன்னவ. நீங்கள் அண்டைக்கே வந்திட்டீங்கள்."

ஏன் இத்தனை நாளும் கேட்கவில்லை என்று கேட்டேன். "கேட்டால் நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். பயந்த மனிசனைப் பொய்யனுமாக்கி எனக்கு என்ன வரப் போகுது" என்றாள். உன்னைப் பற்றியும் சொன்னாள். "அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளையள். அவனிட்டை இனிக் கேளாதேங்கோ" என்றாள்.

அவள் மன்னித்துவிட்டாள். இரண்டு வருடமாக என்னை மன்னித்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் மன்னிக்கத் தயாரில்லை, உன்னையும் இல்லை, என்னையும் இல்லை. மன்னிப்பு அவளுக்கு இரத்தத்தைச் சுத்தம் செய்து தராது.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் நான் கண்டிக்குப் போகிறேன். அறுபத்து நாலு வயதுக்காரனை வேண்டாம் என்று இந்த முறை அவர்களே உண்மையாகச் சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் திரும்பி வந்து, அவள் தடுத்தாலும், உன்னிடம் இன்னொருக்கால் கேட்பேன். போனில் கேட்க மாட்டேன், சைக்கிளில் வைத்தும் கேட்க மாட்டேன். வீட்டு மேசையில், அவளுக்கு முன்னால் கேட்பேன். ஏலாது என்று நீ சொல்லலாம். அது உன் உடம்பு, உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தச் சொல்லை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. ஆனால் அதை உன் வாயால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு படம் அனுப்பக்கூடாது.

அதற்கு முதல் வேறொன்று கேட்கிறேன். இது சின்னது. நாளைத் திங்கட்கிழமை மெசினுக்கு நான் கூட்டிப் போவேன். வியாழக்கிழமை நான் கண்டியில் இருப்பேன். அன்று காலை ஆறரைக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நாலு மணித்தியாலம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், குளிர்ந்தால் போர்த்திவிட வேண்டும், முடிந்ததும் தலை சுற்றும், பிடித்துக் கூட்டி வர வேண்டும். உன் விமான ரிக்கெற்றை மாற்று. நீ மாற்றாமல் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறினால், வியாழன் காலை அவள் தனியாக ஓட்டோவில் போவாள். கூட யார் வந்தது என்று நேர்ஸ் கேட்பா. மகன் எங்களைப் போல ஆக்களுக்காகப் பொத்துவிலில் இருந்து சைக்கிள் ஓடி வந்தவன் என்று அவள் சொல்லுவாள். அதையும் பெருமையாகத்தான் சொல்லுவாள்.

அப்பா